பிளப்பதும் ஒட்டுவதும்: ஓர் ஆங்கில வினைச்சொல்லின் கதை

(பழைய மாணவியர் சங்கக் கனடாக் கிளையின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் வகுப்புத் தோழியர் இருவர் சேர்ந்து ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த விழாவில் பேச வேண்டும் என்று செயலாளர் கேட்டபோது, எதைப் பற்றி என்று நாங்கள் திருப்பிக் கேட்டோம். "பாடசாலையைப் பற்றி எல்லாரும் கதைப்பினம். நீங்கள் இரண்டு பேரும் ரீச்சர்மார்தானே, ஏதாவது படிப்பியுங்கோ" என்றார். ஆகவே இன்று ஒரு பாடம் நடத்தப் போகிறோம். பாடத்தில் ஒரேயொரு ஆங்கில வினைச்சொல்தான் வருகிறது. அதைச் சீனம் பேசும் மாணவிகளுக்குப் படிப்பிக்கப் போய், நாங்கள் பிழைவிட்டுத் திருந்திய கதையும் கூடவே வரும்.

ஓய்வு பெற்ற பிறகு நாங்கள் இருவரும் ஸ்காபரோவில் ஒரு நூலக அறையில் கிழமைக்கு ஒரு நாள் ஆங்கில வகுப்பு நடத்தி வருகிறோம். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குத் தொடங்கும். சம்பளம் இல்லை, தேநீர் உண்டு. வருபவர்கள் பெரும்பாலும் மண்டரின் பேசும் சீனப் பெண்கள். பிள்ளைகளுக்குப் பின்னால் இந்த நாட்டுக்கு வந்து, பேரப்பிள்ளைகளை வளர்த்துவிட்டு, அறுபது எழுபது வயதில் கொப்பியும் பென்சிலுமாக வந்து உட்காருகிறவர்கள். எங்கள் தாய்மாரையும், உண்மையைச் சொன்னால் எங்களையும், அவர்களிடம் பார்க்கலாம்.

இன்னுமொன்று சொல்லிவிட வேண்டும். எங்களில் ஒருவர் சைவம், மற்றவர் வேதம். அது பின்னால் கதைக்குத் தேவைப்படும்.

ஒருநாள் சமையலறைச் சொற்கள் பற்றிய பாடம். தோல் சீவுவது, நறுக்குவது, அரிவது, கொத்துவது என்று ஒவ்வொரு வினையாகக் கரும்பலகையில் எழுதினோம். ஒரு மாணவி கடை விளம்பரத் தாள் ஒன்றைக் காட்டினார். அகன்ற, சதுர வடிவான கத்தியின் படம். கீழே 'சைனீஸ் கிளீவர்' என்று போட்டிருந்தது. வகுப்பு முழுவதும் மறுத்தது. "இது எலும்பு கொத்துகிற கத்தி இல்லை. இது மரக்கறிக் கத்தி" என்றார்கள். அவர்கள் சொன்னது சரி. சீனத்தில் அதன் பெயர் 'ட்சாய்தாவ்', அதாவது மரக்கறிக் கத்தி. எலும்பு தறிப்பதற்கு அவர்களிடம் வேறு பாரமான கத்தி இருக்கிறது. வடிவத்தைப் பார்த்து வெள்ளைக்காரர் வைத்த பெயர்தான் 'கிளீவர்'.

"அப்படியென்றால் 'கிளீவ்' என்பது என்ன?" என்று அங்கிருந்த மூத்த மாணவி கேட்டார். நாங்கள் கையால் வெட்டிக் காட்டி, "இரண்டாகப் பிளப்பது" என்றோம். அவர் சீனத்தில் ஏதோ எழுதிக்கொண்டார். நாங்கள் அடுத்த சொல்லுக்குப் போய்விட்டோம்.

அங்கேதான் எங்கள் பிழை நடந்தது.

மூன்று கிழமைக்குப் பிறகு, வகுப்பு முடிந்து மற்றவர்கள் போன பின்னும் அந்த அம்மா போகாமல் நின்றார். கையில் ஒரு கடதாசி. பேரனுக்குத் திருமணம், தேவாலயத்தில் நடக்கிறது. பெண் வீட்டார் பழைய ஆங்கில வேதாகமத்தில் பற்றுள்ளவர்கள். மணமகனின் அப்பம்மா ஒரு பகுதியை ஆங்கிலத்தில் வாசிக்க வேண்டும் என்று பேரன் ஆசைப்பட்டிருக்கிறான். ஆதியாகமத்தின் இரண்டாம் அதிகாரம். ஆண் தன் தாய் தகப்பனை விட்டு மனைவியோடு சேர்ந்திருப்பதைச் சொல்லும் இடம். 1611 இல் வெளிவந்த ஆங்கில மொழிபெயர்ப்பில் அந்த 'சேர்ந்திருப்பது' என்ற இடத்தில் நிற்பது 'கிளீவ்' என்ற சொல்.

அவர் ஒன்றும் பேசவில்லை. கடதாசியை மேசையில் வைத்து, விரலால் அந்தச் சொல்லைத் தொட்டார். பிறகு கையை உயர்த்தி, நாங்கள் படிப்பித்த மாதிரியே, மேசையில் ஒரு வெட்டு வெட்டிக் காட்டினார். தாயை விட்டுப் போய், மனைவியை இரண்டாகப் பிளப்பானா?

எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. இரண்டு கிழமையாக இதை வைத்துக்கொண்டு நித்திரை இல்லாமல் இருந்திருக்கிறார். ஆங்கிலம் இவ்வளவுதான் விளங்குகிறது என்று பெண் வீட்டார் முன் வெட்கப்பட வேண்டி வரும், அதனால் வாசிக்க மாட்டேன் என்று பேரனிடம் சொல்லிவிடப் போகிறேன் என்றார். நாங்கள் சிரிப்பை விழுங்கிக்கொண்டு, அடுத்த கிழமை வரை பொறுங்கள் என்று கேட்டோம். அன்று வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. இறங்கும்போது மட்டும் ஒருவர் சொன்னார்: "நாங்கள்தானே அரைவாசி சொல்லிக் குடுத்தது."

அடுத்த செவ்வாய்க்கிழமை முழுவதும் இந்த ஒரு சொல்லுக்கே கொடுத்தோம். அன்றைய பாடத்தைத்தான் இப்போது உங்களுக்கும் நடத்துகிறோம்.

கரும்பலகையை நடுவில் ஒரு கோடு போட்டுப் பிரித்தோம். இடப்பக்கம் பிளப்பது; வலப்பக்கம் ஒட்டுவது. ஒரு சொல்லுக்கு நேரெதிரான இரண்டு பொருள் எப்படி வந்தது? உண்மையில் இது ஒரு சொல் அல்ல, இரண்டு சொற்கள். பழைய ஆங்கிலத்தில் பிளப்பதற்கு 'கிளேஓவன்' என்ற சொல்லும், ஒட்டுவதற்கு 'கிளிவியன்' என்ற சொல்லும் தனித்தனியாக இருந்தன. நாளடைவில் ஓசை தேய்ந்து இரண்டும் ஒரே உருவத்துக்கு வந்துவிட்டன. ஊரில் தூரத்துக் குடும்பங்கள் இரண்டு ஒரே பெயரைப் பிள்ளைக்கு வைத்துவிடுவதைப் போல.

எங்கள் மொழியில் இப்படி இல்லையா என்று நாங்கள் வீட்டில் யோசித்துப் பார்த்தோம். இருக்கிறது. 'ஒளி' என்றால் வெளிச்சம். 'ஒளி' என்றால் மறைந்துகொள். வெளிநாட்டுக் கடிதத்தைப் 'பிரியமுள்ள' என்று தொடங்குகிறோம். அந்தப் 'பிரியம்' வடமொழியிலிருந்து வந்தது. 'பிரிந்தோம்' என்று எழுதுகிறோம், அது தமிழ். வெவ்வேறு வேர்கள், ஆனால் காதுக்கு அருகருகே நிற்கின்றன. சீனத்திலும் இருக்கிறது. 'ஜியே' என்ற ஒரே வினை கடன் வாங்குவதையும் குறிக்கும், கடன் கொடுப்பதையும் குறிக்கும். கொடுப்பது என்று தெளிவாகக் காட்ட வேண்டுமானால் கூடவே 'கேய்' என்று இன்னொரு சொல்லைச் சேர்ப்பார்கள். இதைச் சொன்னவுடன் வகுப்பில் எல்லோருடைய முகமும் மலர்ந்தது. ஆங்கிலம் பைத்தியக்கார மொழி அல்ல, நம்முடைய மொழி மாதிரியே ஒரு மொழிதான் என்று விளங்கியது.

முதலில் இடப்பக்கம், பிளப்பது. விறகைப் பிளக்கலாம், பாறையைப் பிளக்கலாம். வைரத்தை அதன் படிக அமைப்பின் வழியே இரண்டாக உடைப்பதற்கும் இந்தச் சொல்தான். உடம்பிலுள்ள நொதியங்கள் புரதத்தைத் துண்டிப்பதையும் விஞ்ஞானப் புத்தகங்களில் இந்தச் சொல்லாலேயே எழுதுவார்கள். இந்தப் பக்கத்து வினைக்கு வலிமை கேட்டு நிற்கும் ஒரு செயப்படுபொருள் நேராகப் பின்னால் வரும்.

இதன் இறந்தகால வடிவங்கள் சீன மாணவிகளுக்குப் பெரிய தலையிடி. 'கிளீவ்ட்' என்கிறார்கள், 'கிளெஃப்ட்' என்கிறார்கள், 'குளோவ்' என்கிறார்கள், எச்சத்தில் 'குளோவன்' என்கிறார்கள். சீனத்தில் வினைச்சொல் காலத்துக்கு ஏற்ப உருமாறுவதே இல்லை. நேற்று, நாளை என்ற சொல்லாலும், 'லெ' போன்ற சிறு இடைச்சொல்லாலும் வேலை முடிந்துவிடும். ஒரு மாணவி கேட்டார்: "ஒரு விறகுக்கு ஏன் நாலு சொல்?" நியாயமான கேள்வி. நாங்கள் கொடுத்த மருந்து இதுதான்: பேசும்போது 'கிளீவ்ட்' என்பதே போதும். மற்றவற்றில் இரண்டைக் கூட்டாளியோடு சேர்த்து மனனம் செய்யுங்கள். பிறவியிலேயே பிளந்திருக்கும் அண்ணத்துக்குக் 'கிளெஃப்ட்'. ஆடு மாட்டின் பிளவுபட்ட குளம்புக்குக் 'குளோவன்'. இவற்றை ஒன்றுக்கொன்று மாற்றிப் போட முடியாது.

இந்தக் குடும்பத்தில் இன்னொரு உறவு எங்கள் எல்லோருடைய சமையலறையிலும் இருக்கிறது. ஆங்கிலத்தில் ஓர் உள்ளிப் பல்லைக் 'குளோவ்' என்பார்கள். முழு உள்ளியிலிருந்து பிளந்து வருவதால் அந்தப் பெயர். ஆனால் கறிக்குப் போடும் கராம்புக்கும் ஆங்கிலத்தில் 'குளோவ்' என்றுதான் பெயர். அது வேறு வழியாக வந்தது: பிரெஞ்சில் ஆணிக்கு 'குளூ' என்பார்கள், கராம்பு சின்ன ஆணி மாதிரி இருக்கிறதல்லவா? சீனத்தில் கராம்பு 'திங்சியாங்', ஆணி வடிவான வாசனைப் பொருள். பிரெஞ்சுக்காரரும் சீனரும் ஒரே ஆணியைக் கண்டிருக்கிறார்கள். உள்ளியில்தான் எல்லோரும் வேறுபட்டோம். ஆங்கிலேயர் பிளவு என்றார்கள், சீனர் இதழ் என்கிறார்கள், நாங்கள் பல் என்கிறோம். அன்று வகுப்பில் ஒருவர் பையிலிருந்து உள்ளி ஒன்றை எடுத்து உடைத்து, மூன்று மொழியிலும் சொல்லச் சொல்லி எல்லோருக்கும் ஒவ்வொன்றாகக் கொடுத்தார். அந்த அறை அன்றைக்கு முழுக்க மணத்தது.

இனி வலப்பக்கம், ஒட்டுவது. தாகத்தில் நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக்கொள்வது, வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டுவது, ஒருவர் தன் கொள்கையை, மரபை, ஆளை விடாமல் பற்றியிருப்பது. பிரயோகத்தில் இது சற்றுக் கம்பீரமான, பழைய வாடை வீசும் சொல். பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரரோடு பேசும்போது யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள். பிடித்துக்கொள்வதற்கும் ஒட்டுவதற்கும் வேறு எளிய சொற்கள் இருக்கின்றன. சட்டையில் ஒட்டிக்கொண்டு வரும் ஒரு காட்டுப் பூண்டுக்கு ஆங்கிலத்தில் 'கிளீவர்ஸ்' என்று பெயர். எங்கள் விளையாட்டு மைதானத்து ஓரத்தில் நின்ற நாயுருவியை நினைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைச் சீருடையிலிருந்து அதைப் பிடுங்கிப் பிடுங்கி மணி அடித்த பிறகு வகுப்புக்கு ஓடியவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். ஆகவே ஒரு 'கிளீவர்' வெட்டும், இன்னொரு 'கிளீவர்ஸ்' ஒட்டும்.

அப்படியென்றால் வாசிக்கும்போது எந்தப் பொருள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இதுதான் பாடத்தின் உயிர். ஒட்டுகிற 'கிளீவ்' தனியாக வராது. அதற்குப் பின்னால் 'டு' என்றொரு சின்னச் சொல் நிற்கும். பழைய ஆங்கில வேதாகமத்தில் 'அன்டு' என்று நிற்கும். அந்தத் துணைச்சொல் இருந்தால் ஒட்டு. அது இல்லாமல் பொருள் நேரே வந்தால் பிளவு.

சீன மாணவிகள் பெரும்பாலும் தவறவிடுவது இந்தச் சின்னச் சொல்லைத்தான். சீனத்தில் இத்தகைய துணைச்சொல் வழக்கமாக வினைக்கு முன்னால் வரும். 'மனைவியோடு' என்பதற்கான சொல் முதலில், சேர்வது பிறகு. ஆங்கிலத்தில் வினைக்குப் பின்னால் எதையும் தேட அவர்களுக்குப் பழக்கம் இல்லை. ஆனால் அவர்களிடம் வேறொரு பழக்கம் இருக்கிறது. சீனத்தில் வினைக்குப் பின்னால் அதன் விளைவைச் சொல்லும் ஒரு சொல்லை ஒட்டுவார்கள். பிளப்பது 'பீகாய்': வெட்டித் திற. ஒட்டிக்கொள்வது 'ஜான்ஜூ': ஒட்டி நில். அந்த 'ஜூ' என்ற சொல்லுக்குத் தனியே குடியிருப்பது என்றும் பொருள். தமிழிலும் இதே வேலையை நாங்கள் செய்கிறோம்: பிளந்துவிட்டது, ஒட்டிக்கொண்டது. ஒன்றில் 'விடு', மற்றதில் 'கொள்'. ஆகவே நாங்கள் சொன்னோம்: உங்கள் 'ஜூ', எங்கள் 'கொள்', ஆங்கிலத்தின் 'டு', மூன்றும் இந்த இடத்தில் ஒரே வேலைதான் செய்கின்றன. அதைக் கேட்டு அந்த மூத்த அம்மா முதல் தடவையாகத் தலையாட்டினார்.

இன்னொரு மாணவி தன் தொலைபேசியில் சீன வேதாகமத்தைத் திறந்தார். 1919 இல் வெளிவந்த மொழிபெயர்ப்பு. அதே இடத்தில் அவர்கள் 'லியென்ஹெ' என்று எழுதியிருக்கிறார்கள், இணைந்து ஒன்றாவது. எங்களில் வேதக்காரர் தமிழில் 'இசைந்திருப்பது' என்று வருவதைச் சொன்னார். சைவக்காரர் அந்தச் சொல்லைக் கேட்டு, "இசைதல் எண்டு போட்டவர் நல்ல தமிழ் தெரிஞ்சவர்" என்றார். வேதாகமத் தமிழைச் சைவர் எடைபோடுவது எங்கள் மண்ணுக்குப் புதிது அல்ல. பேர்சிவல் பாதிரியாரின் மொழிபெயர்ப்பு வேலைக்குத் துணை நின்றவரே ஆறுமுக நாவலர்தானே.

அதே 1611 மொழிபெயர்ப்பில் 'கிளேவ்' என்ற பழைய இறந்தகால வடிவமும் இருக்கிறது. ஆபிரகாம் பலிக்காக விறகு பிளந்த இடத்தில் அது வருகிறது. கணவனை இழந்த ரூத், தன் ஊருக்குத் திரும்பிப் போகாமல் மாமியாரை விடாமல் பற்றிக்கொண்ட இடத்திலும் அதுவே வருகிறது. எழுத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை. முதலாவதில் விறகு நேரே நிற்கிறது. இரண்டாவதில் 'அன்டு' நிற்கிறது.

ரூத்தின் கதையைச் சொன்னபோது வகுப்பு அமைதியாகிவிட்டது. அங்கிருந்த பாதிப் பேர் மருமகள் வீட்டில் இருப்பவர்கள்.

அப்போதுதான் அந்த அம்மா ஒரு கேள்வி கேட்டார். "இதில் வீட்டை விட்டுப் போவது ஆணா?" ஆம் என்றோம். சீனத்தில் திருமணத்துக்கு இரண்டு வினைகள் உண்டு. ஆணுக்கு 'ச்சூ', அந்த எழுத்தில் 'எடு' என்பதும் 'பெண்' என்பதும் இருக்கின்றன. பெண்ணுக்கு 'ஜியா', அந்த எழுத்தில் பெண்ணும் வீடும் இருக்கின்றன. வீட்டை விட்டுப் போவது பெண்தான். யாழ்ப்பாணத்தில் பெரும்பாலும் மாப்பிள்ளைதான் பெண்ணின் சீதன வீட்டுக்கு வந்து இருப்பார் என்று நாங்கள் சொல்ல, வகுப்பில் ஒரே ஆரவாரம். "அந்த ஊர் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார்கள். ஆனால் அந்த அம்மா மட்டும் கடதாசியையே பார்த்துக்கொண்டிருந்தார். தான் தாயை விட்டு வந்தபோது வயது இருபத்திரண்டு என்றும், பிறகு ஒரு தடவைதான் பார்க்கக் கிடைத்தது என்றும் சொன்னார். "விட்டுப் போவது எனக்குத் தெரியும். அதற்குப் பக்கத்தில் இந்தச் சொல் இருக்கிறது என்று தெரியாது."

மிச்சமிருந்த நேரத்தில் உச்சரிப்பு. அந்த வசனத்தில் 'லீவ்' என்பதும் 'கிளீவ்' என்பதும் அருகருகே வருகின்றன. விடுவதற்கும் பற்றுவதற்கும் நடுவில் ஒரு 'க்' மட்டும்தான் வித்தியாசம். மண்டரினில் சொல்லின் தொடக்கத்தில் இரண்டு மெய் சேர்ந்து வராது, முடிவில் 'வ்' வராது. ஆகவே அவர்களுக்கு அது 'கெ-லீ-ஃபு' ஆகிவிடும். நாங்களும் சின்ன வயதில் 'கிளீவு' என்று உகரம் போட்டுத்தான் முடித்தோம். மேற்பல்லைக் கீழுதட்டில் வைத்து அதிரவிடுங்கள் என்று, எங்களுக்கு எங்கள் ரீச்சர் செய்த மாதிரியே, கண்ணாடி ஒன்றைக் கையில் கொடுத்துப் பழக்கினோம். மூன்று கிழமை பழகினார்.

திருமணம் முடிந்த அடுத்த செவ்வாய்க்கிழமை அவர் தொலைபேசியில் அந்த வாசிப்பை எங்களுக்குப் போட்டுக் காட்டினார். மெதுவான, கவனமான குரல். 'லீவ்' வந்தது. சிறிய இடைவெளி விட்டார். பிறகு 'கிளீவ்' வந்தது. அதன் பின்னால் 'அன்டு' என்பதை மற்ற எல்லாவற்றையும் விட அழுத்திச் சொன்னார். வாசிப்பு முடிந்ததும் தொலைபேசியை அணைத்துவிட்டு எங்களைப் பார்த்துச் சொன்னார்: "சின்னச் சொல், ரீச்சர். நீங்கள் மறந்துவிட்டீர்கள்."

உண்மைதான். மறக்கக் கூடாதவர்கள் நாங்கள். இந்தப் பாடசாலையில் எட்டாம் வகுப்பில் எங்களுக்கு ஆங்கிலம் படிப்பித்த ரீச்சர் ஒரு சொற்கொப்பி வைத்திருக்கச் செய்தார். மூன்று நிரல்: சொல், பொருள், வசனம். பொருளை மட்டும் எழுதிவிட்டு வசனத்தை வெறுமையாக விட்டால் அரைப் புள்ளிதான். "தனியாக நிக்கிற சொல்லு ஒண்டும் சொல்லாது, பிள்ளையள். அது ஆரோட நிக்குது எண்டு பாருங்கோ" என்பார். அந்த நாளில் அரைப் புள்ளிக்காக அவரோடு கோபித்துக்கொண்டோம். பல பத்தாண்டுகள் கழித்து, வேறொரு நாட்டில், வேறொரு மொழிக்காரருக்கு, மூன்றாம் நிரலை வெறுமையாக விட்டுப் படிப்பித்துவிட்டோம். அரைப் புள்ளிதான் எங்களுக்கு. அந்த அம்மாதான் மிச்சத்தை நிரப்பினார்.

இப்போது எங்கள் வகுப்பில் எல்லோரும் சொற்கொப்பி வைத்திருக்கிறார்கள். அவர்கள் போடுவது நான்கு நிரல், நான்காவது சீனம். எங்கள் இருவருடைய கொப்பியிலும் ஐந்து, தமிழும் உண்டு.

அன்பானவர்களே, நாங்கள் எல்லோரும் ஒரு வீட்டை, ஒரு ஊரை, ஒரு பாடசாலை வாசலை விட்டு வந்தவர்கள். நாங்கள் விட்டு வந்ததைப் பற்றி நிறையப் பேசுகிறோம். அதற்குப் பக்கத்தில் நிற்கும் மற்றச் சொல்லையும் இன்று ஒரு தடவை வாசித்துப் பார்க்க வேண்டும் என்று நினைத்தோம். பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும்போதும், எதை விட்டு வந்தோம் என்பதோடு நிறுத்தாமல், எதை விடாமல் வைத்திருக்கிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள். மூன்றாம் நிரலை வெறுமையாக விடாதீர்கள்.